பதினைந்து வயதில் எந்த நாவல்?

நூல் நிலையம் போகும் மகனுக்கும் மகளுக்கும் சில யோசனைகள்

பத்துப் பன்னிரண்டு வயது வரை கவலை இல்லை. தெனாலிராமன் கதை இருக்கிறது. பஞ்சதந்திரக் கதை இருக்கிறது. படக்கதைகள் இருக்கின்றன. நூல் நிலையத்தின் சிறுவர் பகுதியில் பிள்ளையை விட்டுவிட்டால், அதுவே ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இருபது வயதுக்கு மேலும் கவலை இல்லை. தனக்கு எது பிடிக்கும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு வயது இருக்கிறதே, பதின்மூன்றில் இருந்து பதினேழு வரை, அதுதான் சங்கடமான வயது!

அந்த வயதில் குரல் மாறுகிறது. கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கிறது. நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில்தான் வருகிறது. நூல் நிலையத்திலும் அதே சங்கடம்தான். சிறுவர் பகுதிக்குப் போனால், "இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் படிப்பது" என்று வெட்கமாக இருக்கிறது. பெரியவர்கள் பகுதிக்குப் போனால் தலையணை பருமனில் புத்தகங்கள் அடுக்கி இருக்கின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லை. கைக்கு வந்ததை எடுத்து இரண்டு பக்கம் புரட்டுகிறார்கள். கொட்டாவி வருகிறது. வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அப்படிப் போனவர்களில் பலர், பிறகு நூல் நிலையத்தின் படி ஏறுவதே இல்லை.

அந்த நேரத்தில் யாராவது ஒருவர், "தம்பி, இதைப் படித்துப் பார்!" என்று சரியான ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஒரு பையனுக்கு அது நடந்தது.

குளிருக்கு ஒதுங்கிய பையன்

அவன் பெயர் கேரி பால்சன். மின்னசோட்டா என்ற மாநிலத்தில் வளர்ந்தவன். தாய், தந்தை இருவருக்கும் குடிப்பழக்கம். வீட்டில் நிம்மதி இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பும் ஏறவில்லை. மாலை வேளைகளில் மதுக்கடைகளுக்குப் போய்ப் பத்திரிகை விற்றுக் காசு சேர்ப்பான்.

ஒரு குளிர்கால இரவு. வெளியே நிற்க முடியவில்லை. உடம்பைச் சூடேற்றிக்கொள்வதற்காக, விளக்கு எரிந்த நூல் நிலையத்துக்குள் நுழைந்தான். புத்தகம் எடுக்கும் எண்ணமே அவனுக்குக் கிடையாது.

அங்கே இருந்த நூலகர் அம்மையார் அவனை விரட்டவில்லை. நூல் நிலைய அட்டை வேண்டுமா என்று கேட்டார். அவன் பெயரை எழுதி ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். அதைப் படித்து முடிக்க அவனுக்குப் பல நாள் பிடித்தது. முடித்துவிட்டு வந்தபோது இன்னொரு புத்தகம் கொடுத்தார். அதன் பிறகு இன்னொன்று.

அந்தப் பையன் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர் ஆனார். 200-க்கும் அதிகமான புத்தகங்களை எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை இளம் வயதினருக்கானவை. 2021-ம் ஆண்டில் அவர் காலமானார். தம்மைக் காப்பாற்றியது அந்த நூலகர் கொடுத்த அட்டைதான் என்று அவர் பலமுறை சொல்லி இருக்கிறார்.

ஒரு புத்தகம் ஒரு பையனைக் கரை சேர்க்குமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பாடம் இருக்க நாவல் எதற்கு?

"பாடப் புத்தகத்தைப் படிக்கவே நேரம் போதவில்லை. நாவல் வேறு எதற்கு?" என்று பெற்றோர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான்.

பாடப் புத்தகத்தில் கேள்வி இருக்கிறது. அதற்கு விடையும் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வருகிற சில கேள்விகளுக்கு எந்தப் பாடத்திலும் விடை கிடையாது.

கூடப் படிக்கும் நண்பன் திருடிவிட்டான். காட்டிக் கொடுப்பதா, மறைப்பதா? அப்பாவுக்கு வேலை போய்விட்டது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவதா? சாதியைச் சொல்லி ஒருவன் அவமானப்படுத்தினான். திருப்பி அடிப்பதா, பொறுப்பதா? படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

இவற்றைத் தாயிடம் கேட்கக் கூச்சம். தந்தையிடம் கேட்கப் பயம். நல்ல நாவலில், அதே வயதுப் பையனோ பெண்ணோ அதே இடத்தில் நின்று தவிப்பதைப் பார்க்கலாம். அவன் எடுத்த முடிவு சரியா, தவறா என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கலாம். யாரும் மார்க் போடமாட்டார்கள்!

அதனால் இந்த வயதுக்கு நாவல் தேடுகிறவர்கள் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். கதையில் வரும் முக்கியமான ஆள், படிக்கிற பிள்ளையின் வயதை ஒட்டியவராக இருக்கிறாரா? அவர் தாமே ஒரு முடிவு எடுக்க வேண்டிய கட்டம் கதையில் வருகிறதா? இரண்டும் இருந்தால் அந்த நாவலை நம்பிக் கொடுக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் புத்திமதி சொல்லும் புத்தகம் வேண்டாம். புத்திமதிக்கு வீட்டிலேயே பஞ்சம் இல்லை.

பள்ளி மாணவி எழுதிய நாவல்

இளைஞர்களுக்கென்றே நாவல் எழுதும் வழக்கத்துக்குப் புது உயிர் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூட மாணவி என்றால் ஆச்சரியமாக இருக்கும்.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்று ஒரு நகரம். அங்கே படித்த எஸ். இ. ஹின்டன் என்ற மாணவி தம் பதினைந்தாம் வயதில் ஒரு கதை எழுதத் தொடங்கினார். அந்த நகரத்தில் ஏழை வீட்டுப் பையன்கள் ஒரு கூட்டமாகவும், பணக்கார வீட்டுப் பையன்கள் ஒரு கூட்டமாகவும் மோதிக்கொள்வார்கள். அதைத்தான் அவர் எழுதினார். தம் வயதுப் பிள்ளைகள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லும் புத்தகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது அவருடைய குறை.

"தி அவுட்சைடர்ஸ்" என்ற அந்த நாவல் 1967-ம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் அலட்சியம் செய்வார்களோ என்று பதிப்பகத்தார் நினைத்தார்கள். அதனால் பெயரின் முதல் எழுத்துக்களை மட்டும் அட்டையில் போட்டார்கள்!

கதையைச் சொல்பவன் பதினான்கு வயதுப் பையன். தாய், தந்தை விபத்தில் இறந்துவிட்டார்கள். இரண்டு அண்ணன்மார் அவனை வளர்க்கிறார்கள். ஒரு சண்டையில் கொலை விழுந்துவிடுகிறது. அவனும் நண்பனும் ஊரை விட்டு ஓடுகிறார்கள். பிறகு நடப்பதைப் படித்தால், சண்டையில் ஜெயித்தவன் என்று ஒருவனும் இல்லை என்பது புரியும்.

இந்த நாவல் சினிமாவான கதையும் சுவையானது. கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூட நூல் நிலையத்தில் வேலை பார்த்த பெண்மணி, மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி, டைரக்டர் பிரான்சிஸ் கொப்பலாவுக்குக் கடிதம் எழுதினார். இந்த நாவலைப் படமாக எடுக்க வேண்டும் என்பது மாணவர்களின் விருப்பம். கொப்பலா அதை மதித்தார். 1983-ம் ஆண்டில் படம் வெளிவந்தது. ஆங்கிலம் சுமாராகத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவர்கள் இந்த நாவலைப் படித்துப் பார்க்கலாம். நடை எளிமையானது.

ஆளுக்கு ஏற்ற புத்தகம்

எல்லோருக்கும் ஒரே நாவல் பிடிக்காது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இதை 1931-ம் ஆண்டிலேயே சட்டம்போல் எழுதி வைத்தார். கணித ஆசிரியராக இருந்து, 1924-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர் அவர். நூல் நிலையங்களுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். உலகம் முழுவதும் நூலகர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது விதி.

சம்பந்தம் பேசி முடிப்பதைப் போன்ற வேலை இது. பையனையும் தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தையும் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகர நூல் நிலையத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற அம்மையார் 1932-ம் ஆண்டு முதல் 1962-ம் ஆண்டு வரை வேலை பார்த்தார். இளைஞர் பகுதி அவர் பொறுப்பு. அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் 300 புத்தகங்களைப் படித்தாக வேண்டும். படித்ததைப் பற்றி அவரிடம் வந்து பேசவும் வேண்டும். தான் படிக்காத புத்தகத்தை மற்றவனுக்கு எப்படிச் சிபாரிசு செய்வது என்பது அவர் கட்சி. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், நூல் நிலையம் பக்கமே வராத மக்களுக்காகக் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்.

நம் ஊரில் அதற்கும் முன்பே மாட்டு வண்டி போயிருக்கிறது! 1931-ம் ஆண்டில் மன்னார்குடி பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல் நிலையம் போயிற்று. கனகசபைப் பிள்ளை என்பவர் அந்த ஏற்பாட்டைச் செய்தார்.

வண்டி கட்டிக்கொண்டு போக எல்லோராலும் முடியாது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு, ஒரு நாவலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க யாராலும் முடியும். அந்தச் சீட்டில் எழுதுவதற்குச் சில பெயர்கள் இதோ:

சாகசக் கதை வேண்டுமா?

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது "புதையல் தீவு". ஸ்டீவன்சன் எழுதியது. தமிழில் சுருக்கமாகவும் விரிவாகவும் பல பதிப்புகள் வந்திருக்கின்றன.

1881-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் ஒரு மழைக்கால வீடு. வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த மனைவியின் மகனோடு சேர்ந்து ஸ்டீவன்சன் ஒரு தீவின் படத்தை வரைந்தார். அந்தப் படத்தில் இருந்து கதை பிறந்தது. எழுத எழுத வீட்டாருக்குப் படித்துக் காட்டினார். அவருடைய தகப்பனார்கூடச் சிறு பிள்ளைபோல் உட்கார்ந்து கேட்டார்! 1883-ம் ஆண்டில் அது புத்தகமாக வந்தது.

ஜிம் என்ற பையன் கையில் புதையல் தீவின் படம் கிடைக்கிறது. கப்பல் புறப்படுகிறது. ஒற்றைக் கால் சமையற்காரன் ஜான் சில்வர் அவனிடம் அன்பாகப் பேசுகிறான். அவன் நல்லவனா, கெட்டவனா? கடைசி வரை ஜிம்முக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம்.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் முன்பு சொன்ன கேரி பால்சன் எழுதிய "ஹாட்செட்" நாவலையும் படிக்கலாம். கைக்கோடரி என்று பொருள். 1987-ம் ஆண்டில் வந்தது. பிரயன் என்ற பதின்மூன்று வயதுப் பையன் சிறு விமானத்தில் தந்தையைப் பார்க்கப் போகிறான். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு. விமானம் காட்டு ஏரியில் விழுகிறது. தாய் கொடுத்த கைக்கோடரி ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு 54 நாள் காட்டில் உயிர் பிழைக்கிறான். நெருப்பு உண்டாக்க அவன் படும் பாட்டைப் படித்தவர்கள், தீப்பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவனை நினைப்பார்கள்.

துப்பறியும் கதை பிடிக்குமா?

சினிமா டைரக்டர் சத்யஜித் ரேயை எல்லோருக்கும் தெரியும். அவர் இளம் வாசகர்களுக்குத் துப்பறியும் கதைகள் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய தாத்தா தொடங்கிய "சந்தேஷ்" என்ற வங்காளிப் பத்திரிகையில் 1965-ம் ஆண்டு முதல் பெலுடா என்ற துப்பறிபவரை வைத்துக் கதைகள் எழுதினார். கூடவே போய்க் கதையைச் சொல்பவன் தபேஷ் என்ற தம்பி முறைப் பையன்.

இவற்றில் "சோனார் கெல்லா" மிகவும் புகழ் பெற்றது. பொற்கோட்டை என்று அர்த்தம். முற்பிறப்பு ஞாபகம் வந்ததாகச் சொல்லும் ஒரு சிறுவன், தங்கக் கோட்டை ஒன்றைப் பற்றிப் பேசுகிறான். அங்கே புதையல் இருக்கும் என்று கெட்டவர்கள் அவனைத் தூக்கிப் போகப் பார்க்கிறார்கள். பெலுடா ராஜஸ்தானுக்கு ரெயில் ஏறுகிறார். 1974-ம் ஆண்டில் ரேயே இதைப் படமாக எடுத்தார். பெலுடா கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன. "எனக்குப் படிக்கவே பிடிக்காது" என்று முகத்தைத் திருப்பும் பையனுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ராஜா கதை வேண்டுமா?

கல்கியின் "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகங்கள் கொண்டது. 1950-ம் ஆண்டில் தொடங்கி 1954-ம் ஆண்டு வரை வாராவாரம் வந்த தொடர்கதை. எடுத்த எடுப்பில் அதைக் கையில் கொடுத்தால் பருமனைப் பார்த்தே பிள்ளை பயந்துவிடும். அதற்கு முன்னால் "பார்த்திபன் கனவு" கொடுக்க வேண்டும்.

சோழ நாடு பல்லவருக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த காலம். பார்த்திப மகாராஜா போரில் இறந்துபோகிறார். சோழ நாட்டின் பெருமையைப் பற்றித் தாம் கண்ட கனவை மகன் விக்கிரமனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். வளர்ந்த விக்கிரமன் புலிக்கொடியைப் பறக்கவிடத் துணிகிறான். பிடிபடுகிறான். நாடு கடத்தப்படுகிறான். அவன் மனம் போனதோ, பகைவனாகிய பல்லவச் சக்கரவர்த்தியின் மகளிடம்!

இந்தக் கதையில் அடிக்கடி வந்துபோகும் சிவனடியார் யார் என்பது தெரியும்போது, பகைவன் என்றால் யார் என்ற கேள்வி மனத்தில் எழும். இதைப் படித்து முடித்த பிள்ளை, வந்தியத்தேவன் குதிரையை யாரும் சொல்லாமலே தேடிப் போகும்.

பள்ளிக்கூடக் கதை

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு ஆர். கே. நாராயண் எழுதிய "ஸ்வாமி அண்டு பிரண்ட்ஸ்" ஏற்றது. 1935-ம் ஆண்டில் வந்தது. மால்குடி என்ற கற்பனை ஊர், சுவாமிநாதன் என்ற பையன், கிரிக்கெட் மாட்ச், தலைமை ஆசிரியரின் பிரம்பு. சிரித்துக்கொண்டே படிக்கலாம். கடைசி அத்தியாயத்தில் ரெயில் நிலையத்துக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிடும். நண்பனைப் பிரிந்த யாருக்கும் அது புரியும்.

பதினான்கு வயதுக்கு மேல், முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு, சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய "முதல் ஆசிரியர்" கொடுக்கலாம். 1962-ம் ஆண்டில் வந்த குறுநாவல். தமிழில் பல ஆண்டுகளாகக் கிடைத்து வருகிறது.

கிர்கிசியா நாட்டு மலைக் கிராமம். ஆண்டு 1924. தூய்ஷன் என்ற இளைஞன் அங்கே பள்ளிக்கூடம் தொடங்க வருகிறான். அவனுக்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும்! பழைய குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான். ஓடையைக் கடக்க முடியாத குழந்தைகளைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய் விடுகிறான். அல்தினாய் என்ற அநாதைப் பெண்ணைச் சித்தி ஒரு வயதானவனுக்குக் கட்டிக் கொடுத்துவிடப் பார்க்கிறாள். அவளைக் காப்பாற்றப் போய் அடி வாங்குகிறான் தூய்ஷன். பிற்காலத்தில் அந்தப் பெண் பெரிய கல்விமான் ஆகிறாள். புதுப் பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு அவளை அழைத்து நடு நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அந்த நேரத்தில் கிழவன் தூய்ஷன் எங்கே இருந்தான்? புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மனத்தை உலுக்கும் இடம் அது. வயது முதிர்ந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்ட தாய்மார்களுக்கும் இந்தப் புத்தகம் பிடிக்கும்.

இரா. நடராசன் எழுதிய "ஆயிஷா" மிகச் சிறிய புத்தகம். ஒரே மூச்சில் படிக்கலாம். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பள்ளி மாணவி ஒருத்தி. பதில் சொல்ல முடியாதவர்கள் அவளை அடிக்கிறார்கள். அடி வலிக்காமல் இருப்பதற்கு அவள் ஒரு வழி தேடுகிறாள். அது விபரீதத்தில் முடிகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் பெற்றோரும் ஆசிரியர்களும் படிக்க வேண்டும். படித்தபின் பிள்ளையோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும்.

உப்பளத்தில் ஒரு பெண்

பதினைந்து வயதில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் நாவல் இருக்கிறது.

ராஜம் கிருஷ்ணன் ஒரு நாவல் எழுதுவதற்கு முன், அந்த இடத்துக்கே போய் மக்களோடு பழகிவிட்டு வருவார். அப்படித் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் எழுதியது "கரிப்பு மணிகள்". பொன்னாச்சி என்ற இளம் பெண்ணும் அவள் தம்பியும் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். வெயில் ஒரு பக்கம். காலை அரிக்கும் உப்பு ஒரு பக்கம். வேலை வாங்குகிறவர்களின் தொல்லை ஒரு பக்கம். அவள் பயந்து ஒடுங்கிப் போகாமல் எப்படி நிமிர்ந்து நிற்கிறாள் என்பது கதை. படித்தபின், சாப்பாட்டில் உப்புப் போடும்போது கை ஒரு நிமிடம் தயங்கும்.

கல்கியின் நூல்களையும் ராஜம் கிருஷ்ணனின் நூல்களையும் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கி இருக்கிறது. அதனால் எந்தப் பதிப்பகமும் அவற்றை அச்சிடலாம். மலிவுப் பதிப்பு கிடைக்கும். இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். செல்போனை விட்டுப் பிரியாத பிள்ளை, அதிலேயே ஒரு நாவலையும் படிக்கட்டுமே!

பதினாறு வயதுக்கு மேல்

தனுஷ் நடித்து 2019-ம் ஆண்டில் வெளிவந்த "அசுரன்" படம், பூமணி எழுதிய "வெக்கை" என்ற நாவலில் இருந்து பிறந்தது. நாவல் வந்தது 1982-ம் ஆண்டில். சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. அண்ணனைக் கொல்லச் செய்தவனைப் பழி வாங்கிவிட்டு ஓடுகிறான். தந்தை கூடவே போகிறார். படத்தில் சண்டை அதிகம். நாவலில் சண்டையைவிட, அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான் அதிகம். காடும் மலையுமாக ஒளிந்து திரியும்போது, தந்தையும் மகனும் பேசிக்கொள்வதும், கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுவதும், வீட்டை நினைத்து ஏங்குவதும் கண் முன்னால் நிற்கும். படத்தைப் பார்த்த பையனை நாவலுக்கு இழுப்பது சுலபம். "படத்தில் இல்லாதது இதில் நிறைய இருக்கிறது" என்று சொன்னால் போதும்.

பிளஸ்-2 முடிக்கும் வயதினருக்கு அசோகமித்திரனின் "18-வது அட்சக்கோடு". 1977-ம் ஆண்டில் வந்த நாவல். நாடு விடுதலை அடைந்த நேரம். ஐதராபாத் நிஜாம் இந்தியாவோடு சேர மறுக்கிறார். பக்கத்திலுள்ள செகந்திராபாத்தில் சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன் கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான். நேற்று வரை சேர்ந்து விளையாடியவர்கள், மதத்தின் பெயரால் ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சத் தொடங்குகிறார்கள். 1948-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது. அந்த நாட்களில் தெருவில் நடந்துபோன ஒரு பையன் எதையெல்லாம் பார்த்தான் என்பதை, செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். முதிர்ச்சியோடு படிக்க வேண்டிய நாவல் இது.

கெட்டுப்போவார்களா?

"நாவல் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பது பழைய பயம். காதல் வருகிறது, சண்டை வருகிறது, கெட்ட வார்த்தை வருகிறது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள்.

காதலும் சண்டையும் சினிமாவில் வருகின்றன. செல்போனில் வருகின்றன. தெருவிலும் நடக்கின்றன. அங்கே அவை ஒரு நொடியில் வந்து போய்விடும். நாவலில் ஒரு தவறு நடந்தால், அது அடுத்த இருநூறு பக்கத்துக்குப் பின்தொடர்ந்து வரும். செய்தவன் படும் பாடும், அவனைப் பெற்றவள் படும் பாடும் தெரியும். அந்தக் கணக்கைக் காட்டும் நாவல் பிள்ளையைக் கெடுக்காது.

ஆனாலும் பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால், அதற்கு ஒரே வழிதான் உண்டு. தாங்களும் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். படிக்காமலே பிடுங்கி வைத்தால், பிள்ளை ஒளித்து வைத்துப் படிக்கும்!

கொடுக்கும் முறை

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. கொடுக்கும் முறையும் முக்கியம்.

ஒரே நாவலைக் கொடுத்து "இதைத்தான் படிக்க வேண்டும்" என்று சொல்லக்கூடாது. இரண்டு மூன்று வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால், திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் சமையலை மாற்றுகிறோம். புத்தகத்துக்கு மட்டும் ஏன் கட்டாயம்?

படித்து முடித்ததும், "இதில் இருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று பரீட்சை வைக்கக்கூடாது. "யாரைப் பிடித்தது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டால் பேச்சு தானாக வளரும்.

எழுதப் படிக்க அதிகம் தெரியாத பெற்றோரும் ஒதுங்கி நிற்க வேண்டியது இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, "எனக்கு ஓர் அத்தியாயம் படித்துக் காட்டு" என்று மகளிடம் கேட்கலாம். ஸ்டீவன்சனின் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களே, அதேபோல! படிக்கிறவளுக்கு நாக்கு திருந்தும். கேட்கிறவருக்குக் கதை கிடைக்கும். நாலு கேள்விக்கு ஒரு பதில் சொன்ன பிள்ளை, கதையைப் பற்றிக் கேட்டால் நாற்பது வார்த்தை பேசும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் 1948-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து மக்கள் கட்டும் நூலக வரியில் நம் பொது நூல் நிலையங்கள் நடக்கின்றன. அங்கே இருக்கும் புத்தகங்கள் மக்கள் காசில் வாங்கியவை. கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தேடிப் போன நாவல் அங்கே இல்லை என்றால், வாங்கி வைக்கும்படி நூலகரிடம் தயங்காமல் சொல்லலாம்.

அடுத்த முறை நூல் நிலையத்துக்குப் போகும் பெற்றோர், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். இன்னும் உறுப்பினர் அட்டை இல்லை என்றால், அன்றைக்கே பிள்ளையின் பெயரிலேயே ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். அதைப் பிள்ளையே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். எந்த அலமாரிக்குப் போவது என்று தெரியாமல் அது நிற்கும்போது, பக்கத்தில் நின்று ஒரு புத்தகத்தைக் காட்டினால் போதும்.